நதிப் பாதுகாப்பும் பாசன பாத்தியதையும்

அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்துக் கேஷ் லா பூடர் நதியில், 1874ஆம் வருஷத்து வறட்சியின்போது மேல்பாகத்துப் போர்ட் காலின்ஸ் குடிகள் ஜலத்தைத் திருப்பிக்கொண்டனர். முன்னரே வாய்க்கால் வெட்டியிருந்த கிரீலி குடியானவர்களுக்கு நீர் எட்டவில்லை. இத்தகைய தகராறுகளின் பயனாக, முந்தி உபயோகித்தவருக்கே முந்திய பாத்தியதை என்னும் விதி 1876இல் மாகாண அரசியல் சட்டத்தில் ஏறியது.

1986இல் இந்நதியின் மேற்பகுதியில் 76 மைல் தேசிய நதிப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்தது. அங்கே புதிய அணைக்கு இடமில்லை. ஆயினும், நதிக்குரிய ஜல பாத்தியதை அவ்வருஷம் முதலே கணக்கிடப்படுவதால், பழைய வாய்க்கால்களின் பங்கு குறையாது. எனவே வறட்சியில் பழைய பாத்தியதைகளுக்குப் பின்னரே நதியின் பங்கு வரும். மாகாண நீர்ச் சபை பழைய பாத்தியதையை விலைக்கோ தானமாகவோ பெற்று, அந்நீரை ஆற்றிலேயே விடுதல் இதற்கொரு பரிகாரம். பாத்தியதையின் தேதியும் அளவும் பதிவாகியிருந்தாலன்றி இவ்வேற்பாடு செல்லாது.