எழுத்தில் ஒற்றுமை, இணைப்பில் வேற்றுமை



கணிப்பொறிக்கென நாம் எழுதும் நிரல், மனிதர் படித்தறியும் மொழியில் அமைந்தது. பொறியோ 0, 1 எனும் இரும எண்களாலான கட்டளைகளையே அறியும். முன்னதைப் பின்னதாக மாற்றித் தருவது கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி. ஒரு மொழிக்குப் பல நிரல்பெயர்ப்பிகள் உண்டு. அவற்றிடையே முரண் நேராதிருக்கவே தரநிலை வகுக்கப்படுகிறது. சி பிளஸ் பிளஸ் மொழியின் முதல் உலகத் தரநிலை 1998இல் வெளிவந்தது.

தரநிலையைப் பின்பற்றும் இரு பெயர்ப்பிகள் தனித்தனியே ஆக்கிய பகுதிகளை இணைத்தால், அவை ஒத்தியங்கும் எனக் கொள்ளலாமா? கூடாது. நிரலின் பொருள் யாது என்பதையே தரநிலை கூறும். நினைவகத்தில் ஒன்றுக்கு எத்தனை பைட்டு இடம் வேண்டும் என்பது போன்றவற்றைப் பெரும்பாலும் பெயர்ப்பியிடமே விட்டுவிடும். அவற்றிலும் உடன்பாடு இருப்பதே இரும ஒத்திசைவு.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஜி.சி.சி. என்னும் பெயர்ப்பியின் நூலகத்தில், பட்டியல் ஒன்றின் தலைப்பகுதி முதல் உறுப்பின் முகவரியையும் கடைசி உறுப்பின் முகவரியையும் மட்டுமே தாங்கியிருந்தது. 64 பிட் பொறியில் அதற்கு 16 பைட்டு போதும். உறுப்புகள் எத்தனை என்று கேட்டால், ஒவ்வொன்றாக எண்ணியே விடை கூறும். பட்டியல் எவ்வளவு நீண்டதாயினும் இவ்விடைக்கு ஒரே அளவு நேரமே ஆகவேண்டும் என 2011ஆம் ஆண்டுத் தரநிலை விதித்தது. எனவே எண்ணிக்கையையும் தலைப்பகுதியிலேயே குறித்துவைக்க நேர்ந்தது. 16 பைட்டு 24 ஆயிற்று.

விளைவு யாது? பழைய முறையில் ஆக்கிய பகுதி 16 பைட்டே ஒதுக்கும். புதிய பகுதியோ, 24 உண்டென நம்பி, அப்பாலுள்ள 8 பைட்டில் எண்ணிக்கையை எழுதும். அவ்விடம் வேறொரு கணக்கிற்கு உரியதாயிருப்பின் அக்கணக்கு அழியும். எச்சரிக்கை எதுவும் எழாது. பிழை ஓரிடம், கேடு வேறிடம்!

2012இல் வெளியான 4.7 பதிப்பில் புகுத்திய இம்மாற்றத்தை, இவ்விடரால் அவ்வாண்டிலேயே திரும்பப் பெற்றனர். 2015இல் வந்த 5ஆம் பதிப்பில் தக்க வழி கண்டனர். பழைய அமைப்பையும் புதியதையும் ஒரே நூலகத்தில் வைத்து, புதியதற்கு வேறு உட்பெயர் இட்டனர். பொருந்தாத பகுதிகளைச் சேர்க்க முயன்றால், பெரும்பாலும் பெயர் கிட்டாமல் இணைப்பி அங்கேயே நின்றுவிடும். மௌனமாகக் கெடுவதினும் வெளிப்படையாக மறுப்பது நன்றன்றோ!

மூல நிரல் கையிலிருப்போர் அனைத்தையும் ஒரே பெயர்ப்பியால் மீண்டும் ஆக்கிக்கொள்வர். அஃதில்லாதோருக்குப் பழைய இரும வடிவமே கதி. தரநிலை இனி எழுதுவோர்க்கு அளிக்கும் வாக்குறுதி. இரும ஒத்திசைவு முன்னரே எழுதி முடித்தோர்க்கு அளித்த வாக்குறுதி. இரண்டையும் காப்பதே பொறியியல் அறமாகும்.