பேச்சுச் சிகிச்சை: காத்திருப்பதால் இழப்பது அதிகம்

"வாப்பாவும் பிந்தித்தான் பேசினார், இவனும் பேசுவான்." பேச்சு வராத பிள்ளையைப் பற்றி எமது வீடுகளில் வழமையாகச் சொல்லப்படும் ஆறுதல் இது. சில பிள்ளைகள் அப்படிப் பேசிவிடுவதும் உண்மைதான். ஆனால் எந்தப் பிள்ளை தானாகப் பேசும், எதற்கு உதவி தேவை என்பதை வீட்டிலிருந்து கணிக்க முடியாது. தரம் ஒன்றுக்குச் சேர்த்தால் சரியாகிவிடும் என எதிர்பார்க்கும் பெற்றோரை ஆசிரியர்களாகிய நாம் அடிக்கடி காண்கிறோம். மொழி மிக வேகமாக வளரும் ஆண்டுகள் அதற்குள் கடந்துவிடுகின்றன.

பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லேனும் பேசாமை, இரண்டு வயது கடந்தும் "உம்மா வா" போல் இரு சொற்களைச் சேர்க்காமை, பேசிய சொற்களை மறந்துபோதல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். முதலில் செய்ய வேண்டியது செவிப்புலன் பரிசோதனை. கேளாத பிள்ளை பேசக் கற்பது கடினம்.

பேச்சு மொழிச் சிகிச்சையில் ஊசியோ மருந்தோ இல்லை. விளையாட்டு, படம், சைகை மூலம் பிள்ளையுடன் எவ்வாறு பேசுவது என்பதைச் சிகிச்சையாளர் பெற்றோருக்கும் பழக்குகிறார். கிளினிக்கில் கழியும் நேரத்தை விட வீட்டில் தினமும் செய்யும் பயிற்சியே பெரிது. வீட்டில் இரு மொழிகள் பேசுவதால் பேச்சுக் குறைபாடு ஏற்படுவதில்லை. எனவே தாய்மொழியை நிறுத்தத் தேவையில்லை.

இச்சிகிச்சை சிறுவர்களுக்கு மட்டுமானதல்ல. பாரிசவாதத்தால் பேச்சிழந்த முதியவருக்கு அறிவு மங்கிவிட்டதாக நாம் எண்ணிவிடுகிறோம். பலர் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டும் சொல் வராமல் தவிக்கிறார்கள். சிலருக்கு விழுங்குவதும் பாதிக்கப்படுகிறது. படுத்திருப்பவரின் வாயில் அன்போடு ஊற்றும் கஞ்சியோ தண்ணீரோ சுவாசப்பாதைக்குள் சென்று நியூமோனியாவை ஏற்படுத்தலாம். இருமல் வராமலேயே இது நடக்கலாம். ஆகவே விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் முன் வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது. எதை, எந்தப் பதத்தில், எப்படி அமர்த்திக் கொடுப்பது என்பதைச் சிகிச்சையாளர் சொல்லித்தருவார்.

களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் இத்துறைக்கான பட்டப்படிப்பு உள்ளது. ஆயினும் தமிழில் சிகிச்சையளிப்போர் போதாது. உயர்தரம் கற்கும் எமது மாணவர்கள் இத்துறையையும் சிந்திக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ பிள்ளைகள் கிளினிக்கிலோ இன்றே கேளுங்கள். அரச வைத்தியசாலைகளில் இச்சேவை இலவசம். பரிசோதித்த பின் குறை இல்லை என்றால் மனநிம்மதி. இருந்தால், உரிய காலத்தில் உதவி.