கொரிய எஸ்யூவியா, ஜப்பானிய எஸ்யூவியா? குடும்பக் கார் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

வீட்டில் புது கார் வாங்கும் பேச்சு எழுந்தால் ஆளுக்கொரு யோசனை வரும். சவூதியிலோ துபாயிலோ பல வருடம் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர், "டொயோட்டாவைத் தவிர வேறு எதையும் தொடாதே" என்பார். கல்லூரிக்குப் போகும் மகன் ஹூண்டாய் கிரெட்டாவின் கண்ணாடிக் கூரையைப் பற்றியே பேசுவான். மச்சான், "மாருதி என்றால் எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார்" என்பார். ஏறி இறங்கச் சிரமமாக இருக்குமா என்று உம்மாவிடம் மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

15 முதல் 20 லட்சம் ரூபாய் என்பது பெரும்பாலான குடும்பங்களுக்குப் பல வருடச் சேமிப்பு. வளைகுடாவில் வெயிலில் நின்று சேர்த்த பணமாகவும் அது இருக்கலாம். ஒருமுறை வாங்கினால் பத்து வருடம் வைத்திருக்க வேண்டிய பொருளை, அடுத்த வீட்டில் நிற்கும் வண்டியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எந்த நாட்டுக் கம்பெனி என்று கேட்பதற்கு முன்னால், "நம் வண்டி எங்கே, எவ்வளவு தூரம், எத்தனை பேரோடு ஓடப் போகிறது?" என்று கேட்க வேண்டும். இதற்கு விடை தெரிந்தால் கொரியாவா ஜப்பானா என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

களத்தில் இருப்பவை எவை?

ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமுள்ள, ஐந்து பேர் அமரும் எஸ்யூவிகளைப் பற்றியே இங்கே பேசுகிறோம். கொரியத் தரப்பில் ஹூண்டாய் கிரெட்டாவும் கியா செல்டோஸும் இருக்கின்றன. ஹூண்டாயும் கியாவும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. எனவே இந்த இரண்டு வண்டிகளின் என்ஜின்களும் கியர்பாக்ஸ்களும் பெரும்பாலும் ஒன்றுதான். ஜப்பானியத் தரப்பில் மாருதி சுசுகி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், ஹோண்டா எலிவேட் ஆகியவை முக்கியமானவை. 2025 செப்டம்பரில் மாருதியின் விக்டோரிஸும் இந்த வரிசையில் சேர்ந்தது.

"ஜப்பான் வண்டி", "கொரியா வண்டி" என்று சொன்னாலும் இவை எல்லாமே இந்தியாவில் தயாராகின்றன. கிரெட்டா நம் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உருவாகிறது. செல்டோஸ் ஆந்திராவின் பெனுகொண்டாவில் இருந்து வருகிறது. எலிவேட் ராஜஸ்தானில் தயாராகிறது. அதே வண்டி 2024 முதல் வேறு பெயரில் ஜப்பானுக்கே ஏற்றுமதியாகிறது. கிராண்ட் விட்டாராவும் ஹைரைடரும் கர்நாடகாவின் பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். அடித்தளம் சுசுகியுடையது. முழு ஹைபிரிட் தொழில்நுட்பம் டொயோட்டாவுடையது. ஆகவே வளைகுடாவில் ஓட்டிய லேண்ட் குரூசரையோ கொரோலாவையோ மனதில் வைத்துக்கொண்டு ஹைரைடரை வாங்குபவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. அது நல்ல வண்டிதான், ஆனால் அந்த வண்டிகள் வேறு, இது வேறு.

என்ஜினில்தான் உண்மையான வித்தியாசம்

கொரிய வண்டிகளில் தெரிவுகள் அதிகம். சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோல் 115 பிஎஸ் சக்தி தரும். 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் 160 பிஎஸ் தரும். இவை தவிர 116 பிஎஸ் டீசலும் உண்டு. ஜப்பானியத் தரப்பில் டீசலே கிடையாது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. எலிவேட்டும் பெட்ரோலில் மட்டுமே வருகிறது.

ஜப்பானியர்களின் பலம் ஹைபிரிட். இதில் இரண்டு வகை உண்டு. ஷோரூமில் இரண்டையும் "ஹைபிரிட்" என்றே சொல்வார்கள், குழம்பிவிட வேண்டாம். மைல்டு ஹைபிரிட் என்பது பெட்ரோல் என்ஜினுக்குச் சிறிய மோட்டார் ஒன்று கைகொடுப்பது மட்டுமே. மோட்டாரை மட்டும் வைத்து அந்த வண்டி ஓடாது. ஸ்ட்ராங் ஹைபிரிட் என்னும் முழு ஹைபிரிட்டில், நெரிசலில் மெதுவாகப் போகும்போது என்ஜின் அணைந்து, பேட்டரி மோட்டாரிலேயே வண்டி நகரும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைக் கொண்டே பேட்டரி சார்ஜ் ஏறிக்கொள்ளும். வீட்டில் பிளக்கில் மாட்ட வேண்டியதில்லை. கிராண்ட் விட்டாராவின் முழு ஹைபிரிட்டுக்குக் கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கி.மீ. மைல்டு ஹைபிரிட் மேனுவலுக்கு 21.11 கி.மீ. கிரெட்டா டீசல் மேனுவலுக்கு 21.8 கி.மீ., சாதாரண பெட்ரோல் மேனுவலுக்கு 17.4 கி.மீ. இவை சோதனைக்கூடத்து எண்கள். சாலையில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

எதை எங்கே ஓட்டுவது? சென்னை அண்ணா சாலை போல நின்று நின்று போகும் ஓட்டத்தில் முழு ஹைபிரிட்டின் பலன் மிக அதிகம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அந்தப் பலன் குறைந்துவிடும். அங்கே டீசல் கை ஓங்கும். காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ மாதம் இரண்டு மூன்று முறை சென்னைக்குப் போய்வரும் வியாபாரிக்கு டீசல் பொருத்தமானது. பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு டீசல் வேண்டாம். இன்றைய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. வண்டி நன்றாகச் சூடாகி நீண்ட தூரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். குட்டி ஓட்டமே ஓடினால் அது அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

"டீசல் காரைப் பத்து வருடத்தில் தூக்கிப் போடச் சொல்வார்களே" என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது டெல்லி வட்டாரத்துக்கான கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் 15 வருடம் முடிந்ததும் தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பிப்பதே நடைமுறை.

ஆட்டோமேட்டிக் வேண்டுவோர் கியர்பாக்ஸின் வகையையும் கேட்க வேண்டும். கொரிய டர்போவில் வரும் இரட்டை கிளட்ச் வகை நெடுஞ்சாலையில் அருமையானது. ஆனால் ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச் சூடாக வாய்ப்புண்டு. எலிவேட்டின் சிவிடி வகை நகர ஓட்டத்துக்கு இதமானது. ஆனால் வேகமாக மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகுதான் வரும். தினமும் ஓட்டப்போவது வீட்டுப் பெண்கள் என்றால், டெஸ்ட் டிரைவ் ஓட்ட வேண்டியவர்களும் அவர்கள்தான்.

ஒரு எளிய கணக்கு

முழு ஹைபிரிட், சாதாரண பெட்ரோல் வண்டியைவிட லட்சக்கணக்கில் விலை அதிகம். அந்தப் பணம் திரும்பி வருமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணமாக, உங்கள் நகர ஓட்டத்தில் சாதாரண பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 13 கி.மீ., முழு ஹைபிரிட் 21 கி.மீ. தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்போம்.

மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் வருடத்துக்கு 12,000 கி.மீ. சாதாரண பெட்ரோலுக்குச் செலவு சுமார் 92,300 ரூபாய். ஹைபிரிட்டுக்குச் சுமார் 57,100 ரூபாய். வருடத்துக்கு மிச்சம் 35,200 ரூபாய். விலை வித்தியாசம் 3 லட்சம் என்றால் அதை மீட்க எட்டரை வருடம் ஆகும். மாதம் 2,000 கி.மீ. ஓட்டினால் நான்கேகால் வருடத்தில் மீண்டுவிடும். மாதம் 500 கி.மீ. மட்டுமே ஓட்டுபவருக்குப் பதினேழு வருடம் ஆகும், அதற்குள் வண்டியே மாறிவிடும். ஷோரூமில் கிடைத்த விலைகளையும் உங்கள் சொந்த ஓட்டத்தையும் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

யார் யார் ஏறப் போகிறார்கள்?

கிரெட்டாவின் டிக்கி 433 லிட்டர், எலிவேட்டுடையது 458 லிட்டர். கிராண்ட் விட்டாராவின் மைல்டு ஹைபிரிட்டில் 373 லிட்டர். முழு ஹைபிரிட்டில் பின்னால் பேட்டரி வைப்பதால் அது 265 லிட்டராகச் சுருங்கிவிடுகிறது. விமான நிலையத்தில் வாப்பாவை அழைத்துவரப் போனால் இரண்டு பெரிய பெட்டிகள் வைப்பதே கஷ்டம். எனவே ஷோரூமுக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் பெரிய பெட்டியைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எலிவேட்டின் அடிப்பாகம் தரையிலிருந்து 220 மி.மீ. உயரம், கிரெட்டாவுடையது 190 மி.மீ. மோசமான சாலைக்கும் மழைத் தண்ணீருக்கும் உயரம் நல்லது. மூட்டு வலியுள்ள முதியவர்களுக்கோ சீட்டின் உயரமும் கதவு திறக்கும் அகலமும்தான் முக்கியம். வீட்டுப் பெரியவரை அழைத்துப்போய் இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். பின் சீட்டில் மூன்று பெரியவர்களை ஒன்றாக உட்கார வையுங்கள்.

ஆறு ஏழு பேர் வழக்கமாகப் பயணம் செய்யும் கூட்டுக் குடும்பத்துக்கு இந்த வண்டிகள் எதுவும் பொருந்தாது. மூன்றாவது வரிசை சீட் உள்ள கியா கேரன்ஸ், மாருதி எர்டிகா, டொயோட்டா ரூமியன் போன்றவற்றைப் பாருங்கள். எஸ்யூவி என்ற பெயருக்காக ஐந்து பேர் வண்டியில் எட்டுப் பேரைத் திணிப்பது உயிரோடு விளையாடுவது.

பாதுகாப்பு எந்த நாட்டுக்கும் சொந்தமல்ல

"கொரியா வண்டி தகரம், ஜப்பான் வண்டி இரும்பு" என்ற பேச்சை விபத்துச் சோதனைகள் பொய்யாக்கிவிட்டன. குளோபல் என்கேப் சோதனையில் 2020இல் செல்டோஸும் 2022இல் கிரெட்டாவும் பெரியவர்களின் பாதுகாப்பில் 3 நட்சத்திரம்தான் பெற்றன. அவை பழைய வடிவங்கள். ஆனால் 2020இல் மாருதி எஸ்-பிரஸ்ஸோ ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. பிறகு 2023இல் ஹூண்டாய் வெர்னா 5 நட்சத்திரம் வாங்கியது. 2024இல் மாருதி டிசையரும் வாங்கியது. விக்டோரிஸும் 5 நட்சத்திர வண்டிதான். ஒரே கம்பெனிக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. ஆகவே நாட்டைப் பார்க்காமல், நீங்கள் வாங்கும் மாடலை, அதுவும் இப்போது விற்கப்படும் வடிவத்தைப் பார்க்க வேண்டும். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுச் சோதனையும் நடைமுறையில் இருக்கிறது.

எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் பெல்ட் போடாதவருக்கு அது உதவாது. பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்திருப்பது மிகவும் ஆபத்து. ஏர்பேக் விரியும் வேகமே குழந்தையின் உயிருக்கு எமனாகிவிடும்.

விலை, வரி, தவணை

2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கு மேற்பட்ட இந்த வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். 4 மீட்டருக்குள் அடங்கி, பெட்ரோல் என்ஜின் 1,200 சிசி அல்லது டீசல் என்ஜின் 1,500 சிசியைத் தாண்டாத வண்டிகளுக்கு 18 சதவீதம்தான். கொரியாவின் வென்யூவும் சோனெட்டும் இந்தச் சலுகைக்குள் வருகின்றன. மாருதி பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள் இருந்தும், 1,462 சிசி என்ஜின் என்பதால் 40 சதவீத வரிக்குள் வருகிறது. நான்கு பேர் கொண்ட சிறு குடும்பம் என்றால் இந்தச் சிறிய வண்டிகளையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுட்கால சாலை வரி, 10 முதல் 20 லட்சம் விலையுள்ள கார்களுக்கு 18 சதவீதம். 15 லட்சம் ரூபாய் வண்டிக்கு இதுவே 2.70 லட்சம். அதன்மேல் இன்சூரன்ஸ் உண்டு. விளம்பரத்தில் வரும் விலையை நம்பாமல், ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள்.

10 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 5 வருடத் தவணைக்கு வாங்கினால், மாதம் சுமார் 20,760 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் வட்டியாக மட்டும் போவது ஏறத்தாழ 2.45 லட்சம். வட்டியை விட்டு விலகியிருக்க விரும்பும் நம் குடும்பங்களுக்குக் கையில் இருக்கும் பணம்தான் எல்லை. அந்த எல்லைக்குள் நல்ல வண்டிகள் உண்டு. உச்ச மாடலுக்கு ஆசைப்படாமல் நடு மாடலை எடுக்கலாம், கண்ணாடிக் கூரையை விட்டுவிடலாம். மூன்று நான்கு வருடம் ஓடிய, சர்வீஸ் பதிவுகள் ஒழுங்காக உள்ள வண்டியையும் பார்க்கலாம். பழைய ஹைபிரிட் என்றால் பேட்டரி வாரண்டி எவ்வளவு மிச்சம், உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முடிவாக

நகரத்திலேயே மாதம் 1,500 கி.மீ.க்கு மேல் ஓட்டுபவர், பெரிய டிக்கி தேவையில்லை என்றால் ஜப்பானிய முழு ஹைபிரிட்டை எடுக்கலாம். நெடுஞ்சாலை ஓட்டம் அதிகமுள்ளவருக்குக் கொரிய டீசல் ஏற்றது. ஓட்டம் குறைவு, வசதிகளும் கலகலப்பும் வேண்டும் என்பவருக்குக் கொரிய சாதாரண பெட்ரோல் போதும். எளிமையான என்ஜின், நல்ல டிக்கி, உயரமான அடிப்பாகம் வேண்டுபவர் எலிவேட்டைப் பார்க்கலாம். சிற்றூரில் வசிப்பவர்கள் முதலில் அருகில் எந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். இதில் மாருதி எல்லோரையும் முந்தி நிற்கிறது, அடுத்து ஹூண்டாய்.

ஒரு மாதம் உங்கள் ஓட்டத்தைக் குறித்து வையுங்கள். பிறகு வீட்டில் எல்லோரையும், குறிப்பாகப் பெண்களையும் முதியவர்களையும் உட்காரவைத்துக் கலந்து பேசுங்கள். அதன் பிறகு ஷோரூமுக்குப் போனால், விற்பனையாளர் கேட்கும் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்கும். நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கு அவர் பதில் தேட வேண்டியிருக்கும்.