பாட்டு வந்தது, பொருள் வந்ததா?

சென்ற பொங்கல் விழாவில் என் ஒன்பது வயது மகள் ஒரு திரைப்படப் பாடலைப் பிழையின்றிப் பாடினாள். அவையோர் மகிழ்ந்து கைதட்டினர். மேடையை விட்டு இறங்கியவளைப் பெரியவர் ஒருவர் அருகே அழைத்து, "மிக நன்றாகப் பாடினாய், அம்மா! இரண்டாம் அடிக்குப் பொருள் என்ன?" என்று அன்புடன் வினவினார். குழந்தை என் முகத்தைப் பார்த்தாள். வீடு திரும்பியதும் அவளுடைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். பாடல் முழுவதும் நாகரி எழுத்தில் இருந்தது. நாக்பூரில் பிறந்து வளரும் குழந்தை அவள். முன்பே ஒருநாள் பொருள் கேட்டாள். வேலை அலுப்பில், "பிறகு சொல்கிறேன்" என்றவன் நான்தான்.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்குத் தமிழ்ப் பாட்டு எளிதில் கிட்டிய பொருளல்ல. 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. பின்னர், வெள்ளிக்கிழமைதோறும் 'ஒலியும் ஒளியும்' காணத் தமிழ்நாட்டில் தொலைக்காட்சி உள்ள வீட்டில் தெருவே கூடியது. அந்த அலைகள் நாக்பூரை எட்டவில்லை. இங்கே இந்திப் பாடல்களின் 'சித்ரஹார்' தான். 1993 ஏப்ரல் 14இல் சன் டி.வி. தோன்றிய பின்னரே, செயற்கைக்கோள் வழியாகத் தமிழ்ப் பாட்டும் படமும் நாள்தோறும் நம் இல்லம் புகுந்தன. இன்றோ அவை கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. 2018இல் வந்த 'மாரி 2' படத்தின் 'ரௌடி பேபி' பாடல் யூடியூபில் நூறு கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டுள்ளது.

பாட்டுப் பஞ்சம் தீர்ந்தது. ஆனால் பஞ்ச காலத்தில் நம்மிடமிருந்த ஒன்று குறைந்துவிட்டது.

என் தந்தையாரும் இரயில்வே ஊழியரே. விடுமுறை முடிந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் திரும்பும்போது பழைய பாட்டுப் புத்தகங்கள் சிலவற்றைக் கொண்டுவருவார். கதைச் சுருக்கமும் பாடல்களும் அச்சிட்டு, முன்னாளில் படக்கொட்டகைகளில் சில காசுக்கு விற்ற மெல்லிய புத்தகங்கள் அவை. அவர் பாடுவார், நான் எழுத்தின்மேல் விரலை ஓட்ட வேண்டும். 1959இல், முப்பது வயது நிரம்புமுன்னரே மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாடல் வந்தால், நிறுத்தி நிறுத்திப் பொருள் சொல்வார். பள்ளியில் தமிழ் பயிலாத நான் தமிழ் படிக்கக் கற்றது அவ்வாறுதான்.

மெட்டு எவ்வூருக்கும் போகும். 1992இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் பாடல்கள் இந்தியிலும் மொழிமாற்றம் பெற்று நாடெங்கும் ஒலித்தன. அங்கே இசை சென்றது. வைரமுத்துவின் தமிழ்ச் சொற்கள் செல்லவில்லை. அச்சொற்கள் இங்கே வாழ வேண்டுமாயின், நம் வீடுகளிலன்றி வேறெங்கே வாழும்?

ஆகவே மூன்று வாரங்களாக, ஞாயிறு காலையில் வாரம் ஒரு பாடலை மகளும் நானும் தமிழில் எழுதி வருகிறோம். சென்ற வாரம் அவள் கேட்ட ஒரு சொல்லுக்கு எனக்கே பொருள் விளங்கவில்லை. இருவருமாக அந்தப் பெரியவர் இல்லத்துக்குச் சென்று கேட்டறிந்தோம். காப்பி கொடுத்து, அரை மணி நேரம் விளக்கினார்.

அன்பர்களே! உங்கள் இல்லத்துக் குழந்தை பாடும்போது, கைதட்டியபின் ஒரு சொல்லுக்கேனும் பொருள் கூறுங்கள். தெரியாவிட்டால், தெரிந்தவர் வீட்டுக்குக் குழந்தையையும் அழைத்துச் செல்லுங்கள்.