பஞ்ச் கிண்ணம் யாருக்கு?

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஆப்பிள் சைடருக்குத் தனி மவுசு. தோட்டத்துக் கடைகளில் அரை காலன், ஒரு காலன் ஜாடிகள் வரிசை கட்டி நிற்கும். சைடர் என்றதும் இங்கிலாந்துக்காரர் மாதிரி மதுவை நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் இன்று அந்தப் பெயரில் விற்பது வடிகட்டாத, கலங்கலான, காற்றுப் பட்டுப் பழுப்பேறிய வெறும் ஆப்பிள் சாறுதான். ஹாலோவீன் விருந்துக்குப் பஞ்ச் கலப்பவர்கள் பெரும்பாலும் இதிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள்.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு லிட்டர் சைடரை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, இரண்டு துண்டு பட்டை, ஆறேழு கிராம்பு, நசுக்கிய இஞ்சி, தோலோடு வட்டமாக நறுக்கிய ஒரு ஆரஞ்சு எல்லாவற்றையும் போட்டுச் சிறு தீயில் கால் மணி நேரம் வைக்க வேண்டும். ஓரத்தில் ஆவி கிளம்பினால் போதும், தளதளவென்று கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் பட்டை பெரும்பாலும் தடித்த காசியா வகை. காரம் தூக்கலாக இருக்கும், அதனால் இரண்டு துண்டுக்கு மேல் ஆசைப்படக் கூடாது. வடிகட்டி, ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் அரை லிட்டர் கிரான்பெர்ரி சாறு சேர்த்தால் நிறமும் துவர்ப்பும் ஒன்றாக வந்துவிடும். ஜிஞ்சர் ஏல் மட்டும் விருந்தாளிகள் கோட்டைக் கழற்றி மாட்டிய பிறகுதான், கிண்ணத்தின் ஓரமாகச் சரித்து. முன்னாலேயே ஊற்றினால் நுரை செத்துப் போகும்.

இந்தக் கிண்ணத்துக்கு வயது அதிகம். கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே அந்தந்தக் காலத்தில் ஹாலோவீன் யாருடைய கையில் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

பஞ்ச் பற்றி ஆங்கிலத்தில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, 1632இல் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன ஒரு கடிதம். அந்தக் கரையில், பழவேற்காட்டுக்கு வடக்கே ஆர்மகான் என்ற இடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு பண்டகசாலை இருந்தது. பின்னால் சென்னப்பட்டினத்து மணல்வெளியைக் கம்பெனிக்காகப் பேசி முடித்த பிரான்சிஸ் டே தலைமை வகித்த அதே பண்டகசாலை. இந்த வெயிலில் ஊரிலிருந்து வந்த பீர் தாக்குப்பிடிக்காது. கையில் கிடைத்த சாராயத்தில் எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், ஜாதிக்காய் கலந்து கம்பெனி ஆட்கள் பொழுதைப் போக்கினார்கள். அது கப்பலேறி லண்டன் போய், அட்லாண்டிக் தாண்டி அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் போனது. அங்கே சாராயத்தின் இடத்தில் ரம் உட்கார்ந்தது. அடிமைகளின் உழைப்பில் கரிபியத் தீவுகளில் விளைந்த கரும்பின் பாகை வாங்கி, நியூ இங்கிலாந்தில் காய்ச்சிய ரம்.

பண்ணை வீடுகளிலோ ரம்மைவிட மலிவான சரக்கு கொல்லையிலேயே இருந்தது. அன்று ஆப்பிள் நட்டது கடித்துத் தின்பதற்கு என்பதைவிடப் பிழிந்து புளிக்கவைப்பதற்குத்தான். நாட்டின் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் காலையில் எழுந்ததும் ஒரு குவளை புளித்த சைடர் குடிப்பவர். 1840 தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு மரக்குடிசையும் சைடர் பீப்பாயும்தான் சின்னம் மாதிரி. குடிசையில் உட்கார்ந்து சைடர் குடிக்கத்தான் லாயக்கு என்று எதிராளிகள் கேலி செய்ததை அவருடைய ஆட்கள் அப்படியே திருப்பிக்கொண்டு ஜெயித்தார்கள்.

அந்தச் சைடர் வீட்டில் ஹாலோவீன் இல்லை. அது 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துக்காரர்களோடு பெரிய அளவில் வந்து இறங்கியது. நூற்றாண்டு முடிவதற்குள் பெண்கள் பத்திரிகைகள் அதைக் கல்யாண வயதில் இருக்கும் இளைஞர்களின் விருந்தாக மாற்றிவிட்டன. ஆப்பிள் தோலை அறுபடாமல் சீவித் தோளுக்குப் பின்னால் எறிந்தால், விழும் வடிவம் வரப்போகிறவனின் பெயரின் முதல் எழுத்து. கணப்பில் போட்ட இரண்டு கொட்டைகள் சேர்ந்து எரிந்தால் பொருத்தம், ஒன்று வெடித்து விலகினால் சந்தேகம். மேஜையில் டோநட், இஞ்சிக் கேக், கொட்டை வகைகள், ஜாடி நிறைய இனிப்புச் சைடர். புளித்தது இல்லை. அதற்குள் மதுவிலக்குப் பிரசாரம் நாடெங்கும் பரவி, மரியாதைப்பட்ட வீட்டுக் கூடத்திலிருந்து போதையை வெளியே அனுப்பிவிட்டிருந்தது.

மாசசூசெட்ஸின் ஃப்ரேமிங்ஹாமில் இருந்த டென்னிசன் கம்பெனி 1909இல் ஹாலோவீன் விருந்துக்கென்றே ஒரு புத்தகம் போட்டது. கிரேப் காகிதம் விற்பதுதான் நோக்கம். மேஜை விரிப்பு, தொப்பி, விளையாட்டு என்று விருந்தின் இலக்கணமே அதில் இருந்தது. கறுப்பும் ஆரஞ்சும் ஹாலோவீன் நிறங்களாக வேரூன்றியதில் அந்தக் கம்பெனிக்குக் கணிசமான பங்கு உண்டு. 1920இல் மதுவிலக்குச் சட்டமே வந்துவிட, அச்சில் வரும் பஞ்ச் எல்லாம் ஒரே பழச்சாறு. நிலவறை நிலவரம் வேறு. வீட்டில் பிழிந்த சைடர் விஷயத்தில் சட்டம் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டது. ஜாடியைச் சும்மா வைத்திருந்தால் மீதியை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும்.

1930களில் ஹாலோவீன் இரவு என்றாலே ஜன்னலை உடைப்பது, வேலிக் கதவைப் பிடுங்குவது என்று பையன்களின் அட்டகாசம். அவர்களை ஓர் இடத்தில் பிடித்து வைக்கத்தான் நகரசபைகளும் மன்றங்களும் விருந்து நடத்த ஆரம்பித்தன. யுத்தகாலச் சர்க்கரைப் பங்கீடு 1947இல் முடிந்ததும் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் பழக்கம் நிலைத்தது. பண்டிகை முழுசாகக் குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கிண்ணமும் கூடவே போனது. தேவாலயத்துக் கீழ்த்தளம், பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம், அங்கே ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணம், விளிம்பில் கொக்கி போட்டுத் தொங்கும் சின்னக் கோப்பைகள், உள்ளே ஜிஞ்சர் ஏல், அதன்மேல் உருகிக்கொண்டு மிதக்கும் ஆரஞ்சு ஷெர்பெட். குடித்தால் பல் கூசும் தித்திப்பு. ருசி என்று பார்த்தால் அதற்கு நான் பத்துக்கு மூன்று மார்க்குக்கு மேல் போட மாட்டேன். ஆனால் யார் குழந்தை, யார் தாத்தா என்று பார்க்காமல் எல்லோரும் ஒரே கரண்டியால் மொண்டு குடித்தது அந்தக் கிண்ணத்தில்தான்.

பெரியவர்கள் பண்டிகையைத் திருப்பிக் கேட்டது 1970களில். நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் வேஷ ஊர்வலம் தொடங்கியது அப்போதுதான். 1980களில் பீர் கம்பெனிகள் ஹாலோவீனுக்கென்று விளம்பரத்தைக் கொட்டின. ரம்மும் போர்பனும் கிண்ணத்துக்குத் திரும்பின.

சைடருக்கு அடி விழுந்தது 1996இல். அதற்கு முன்னால் தோட்டத்தில் பிழிவதைச் சூடாக்குகிற வழக்கம் பெரும்பாலும் கிடையாது. ஆப்பிளைக் கூழாக்கி, துணியில் மடித்து, மரச்சட்டங்களுக்கு நடுவே அடுக்கடுக்காக வைத்து அழுத்துவார்கள். வழிந்து வருவதை அப்படியே ஜாடியில் பிடிப்பார்கள். புளிப்பான சாற்றில் கிருமி பிழைக்காது என்று நம்பிக்கை. அந்த அக்டோபரில் கலிஃபோர்னியக் கம்பெனி ஒன்றின் சூடாக்காத ஆப்பிள் சாற்றைக் குடித்த 60 பேருக்கு மேல் ஈ-கோலை கிருமியால் படுத்தார்கள், ஒரு குழந்தை இறந்தது. சாறுதான் காரணம் என்று அதிகாரிகள் எச்சரித்ததும் கடைகளிலிருந்து சரக்கைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது அக்டோபர் 30ஆம் தேதி, ஹாலோவீனுக்கு முந்தின நாள். அதே மாதம் கனெக்டிகட் மாநிலத்தில் தோட்டத்துச் சைடரும் ஆட்களைப் படுக்க வைத்தது. மிருகக் கழிவு பட்ட தரையில் விழுந்து கிடந்த பழங்களைப் பொறுக்கிப் பிழிந்தால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

1998இல் பச்சைச் சாற்று ஜாடிகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. மொத்தமாக விற்பவர்கள் கிருமியை ஒழித்தே ஆக வேண்டும் என்ற விதி 2001இல் வந்தது. சூடாக்கும் இயந்திரத்துக்குச் சிறிய ஆலைக்காரர் எங்கே போவார்? சிலர் புறஊதாக் கதிருக்கு மாறினார்கள், சிலர் ஆலையையே மூடினார்கள். விதி நியாயமானதுதான், ருசியில் நஷ்டம் இருப்பதும் நிஜம்தான். பச்சைச் சைடரை முகர்ந்தால் வரும் அந்தத் தோல் வாசம் சூடாக்கியதில் பாதிதான். எச்சரிக்கை ஒட்டிய ஜாடியை இன்றும் சில ஆலைகள் தங்கள் வாசலிலேயே விற்கின்றன. பஞ்சுக்கு அதை வாங்கினால் 71 டிகிரி செல்சியஸ் தாண்டிச் சூடேற்றிவிட்டால் பயமில்லை. பட்டை கிராம்போடு அடுப்பில் வைக்கும் அந்தக் கால் மணி நேரம் இந்த வேலையையும் செய்துவிடுகிறது.

இப்போதைய கிண்ணம் கேமராவுக்கானது. ரப்பர் கையுறையைக் கழுவி, கிரான்பெர்ரி சாறு நிரப்பி, மணிக்கட்டில் கட்டி உறைய வைத்து, பனிக்கையாக மிதக்கவிடுகிறார்கள். அவசரப்பட்டு உரித்தால் விரல்கள் ஒடிந்து நாலுவிரல் பேயாகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முறை முக்கிவிட்டுக் கத்தரிக்கோலால் கீறி எடுப்பதுதான் சரி. புகை கிளம்ப டிரை ஐஸ். மைனஸ் 78 டிகிரி, அடியில் போய் உட்காரும், கரண்டியோடு கோப்பைக்கு வந்துவிட்டால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். விவரமானவர்கள் பெரிய பாத்திரத்தில் வெந்நீரும் டிரை ஐஸும் போட்டு, அதற்குள் பஞ்ச் கிண்ணத்தைத் தனியாக வைக்கிறார்கள். மினுமினுப்புப் பொடி இன்னொரு மோகம். ‘விஷமில்லாதது’ என்று போட்டிருப்பதெல்லாம் தின்னத் தக்கதல்ல. கேக்கில் தடவிய இந்தப் பொடியால் உலோக நச்சு ஏறிய சம்பவங்களை 2021இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் பதிவு செய்தது.

கரண்டியும் போய்க்கொண்டிருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு குழாய் வைத்த கண்ணாடி ஜாடிகள்தான் கண்ணில் படுகின்றன. அதிலும் இரண்டு, குழந்தைகளுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று. பண்டிகையை இரு தரப்பும் பங்கு போட்டுக்கொண்டாயிற்று. 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31இல் வந்தன. எலும்புக்கூடு சட்டையும் பட்டுப்பாவாடையும் மாற்றி மாற்றிப் போடவேண்டியிருந்த அப்படிப்பட்ட நாளில் நம்மவர் வீட்டில் இரட்டை ஜாடி சரிப்பட்டு வராது. ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை, “இதுல ஒண்ணும் கலக்கலையே?” என்று கேட்டுவிட்டுத்தான் கையே நீட்டுவார். பஞ்சை ஒரே ஜாடியில் வெறும் சாறாகக் கலந்து, ரம் பாட்டிலைச் சமையலறை மேடையில் தனியாக வைத்துவிட்டால் கேட்டவருக்கும் பதில் உண்டு, வேண்டியவர் அங்கே போய் ஊற்றிக்கொள்ளலாம்.