கடற்பாராகிய போர்க்கப்பல்

கடலோரத்து மீனவர் வழக்கிலே 'பார்' என்பது பெரும் பொருள் பொதிந்த சொல்லாகும். கடலடியிற் கல்லும் முருகையும் திரண்டு, மீன்கள் ஒதுங்கி வாழ்ந்து இனம் பெருக்கும் இடத்தையே அவர் பார் என்பர். மன்னார்க் கடலில் முத்துச் சிப்பி விளைந்த படுக்கைகளும் பெரியபார் முதலிய பெயர்களைத் தாங்கியே வந்தன. இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளாக அமைக்கும் இப்பார்களேயன்றி, மனிதன் தன் கையாற் கட்டிய பொருளும் சிலபோது பாராக மாறுதலுண்டு. கொல்லுதற்கென்றே கட்டப்பட்ட போர்க்கப்பலொன்று உயிர்களுக்கு உறைவிடமாகும் விந்தையை நம் கிழக்குக் கடலே நமக்குக் காட்டுகின்றது. மட்டக்களப்புக் கரையிலிருந்து சில மைல் தூரத்தில், ஏறக்குறைய 53 மீற்றர் ஆழத்திற் கிடக்கும் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலே அது. அக்கப்பல் பாரானது எவ்வாறு, அதனைக் காணச் செல்லும் சுழியோடி எவ்விதிகளுக்குக் கட்டுப்பட்டவன், அங்கு அவன் எவ்வாறு ஒழுகல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஹேர்மிஸ் கப்பலின் கட்டுமானம் 1918ஆம் ஆண்டு தொடங்கியது. வேறு வகைக் கப்பலை மாற்றியமைக்காது, தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வரையப்பெற்ற முதற் கப்பல் என்னும் பெருமை இதற்குண்டு. ஆயினும் இதன் வேலை நீண்டு 1924ஆம் ஆண்டிலேயே பணியிற் சேர்ந்தமையால், யப்பானியரின் 'ஹோஷோ' என்னும் கப்பல் 1922ஆம் ஆண்டிலேயே முந்திக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 5ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்த தாக்குதல் திருகோணமலைமீது நிகழுமென அறிந்த கடற்படையினர், 8ஆந் தேதி இரவே ஹேர்மிஸ் கப்பலையும், அதற்குத் துணையாக 'வம்பயர்' என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலையும் துறைமுகத்தை விட்டுத் தெற்கே அனுப்பினர். மறுநாட் காலை திருகோணமலை தாக்கப்பட்டது. அது முடிந்தபின் மீண்டும் வடக்கு நோக்கித் திரும்பிய இவ்விரு கப்பல்களையும் யப்பானிய வேவு விமானமொன்று கண்டுகொண்டது. விமானங்களைச் சுமப்பதற்கென்றே பிறந்த ஹேர்மிஸில் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. அதன் விமானங்கள் கரையில் நின்றன. ஐந்து யப்பானிய விமானந்தாங்கிகள் சேர்ந்த படையின் குண்டுவீச்சு விமானங்கள் அதனைச் சூழ்ந்து தாக்கின. சிறிது நேரத்துள் கப்பல் மூழ்கியது. கப்பற்றலைவர் ரிச்சட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் உயிர் துறந்தனர். வம்பயர் கப்பலும் மூழ்கியது. தப்பியோருள் ஏறக்குறைய 600 பேரை 'வீற்றா' என்னும் மருத்துவக் கப்பல் நீரிலிருந்து மீட்டது. வென்ற படையின் ஐந்து விமானந்தாங்கிகளும் 1944ஆம் ஆண்டு முடிவதற்குள் ஒன்றொன்றாய்க் கடலடியை அடைந்தன என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

இனி, இரும்பு பாராகுமாற்றைப் பார்ப்போம். கடலடி பெரும்பாலும் மணலும் சேறுமாகவே உள்ளது. கடலில் மிதந்து திரியும் எண்ணிறந்த நுண் முட்டைப்புழுக்கள் பற்றி வளர்வதற்கு உறுதியான தளமொன்று வேண்டும். அசையும் மணலில் அவை வேர்கொள்ளா. அங்ஙனம் வெறுமையாய்க் கிடக்கும் வெளியில் ஒரு கப்பல் வந்து படிதல், பாலைவனத்தில் ஒரு நகரம் எழுந்தது போலாகும். முதலில் நுண்ணுயிர்கள் இரும்பின்மேல் மெல்லிய படலமாகப் படர்கின்றன. பின்னர்க் கொட்டலசு, கடற்பஞ்சு, சிப்பியினங்கள் முதலியன ஒட்டுகின்றன. ஒளி குறைந்த ஆழத்தில், சூரியனை நம்பி வாழும் முருகைகளினும், நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்களைப் பிடித்துண்ணும் மென்முருகைகளும் சாட்டை போல் நீண்ட முருகைகளுமே செழிப்பன. அன்றியும், உயர்ந்து நிற்கும் கப்பலின் உடல் நீரோட்டத்தைத் தடுத்து மேல் நோக்கித் திருப்புகின்றது. அவ்வோட்டத்தில் வரும் இரையை நாடிச் சிறு மீன்கள் திரள்கின்றன. அவற்றை நாடிப் பாரையும் சீலாவும் வருகின்றன. இருண்ட பொந்துகளிற் கலவாய்கள் குடிபுகுகின்றன. பீரங்கி நின்ற மேடையும் கப்பலோர் நடந்த வழியும் அவற்றுக்கு வளையும் வாயிலுமாகின்றன.

இவ்வாறு கூறுவதால், கடலில் இரும்பை எறிதல் எங்கும் நன்றே பயக்கும் என்று முடிவு கட்டலாகாது. பசிபிக் கடலிலுள்ள பல்மைரா என்னும் முருகைத் தீவில் 1991ஆம் ஆண்டு மீன்பிடிக் கப்பலொன்று தட்டி அழிந்தது. அதனைச் சூழ, முருகையை மூடிக் கொல்லும் உயிரினமொன்று பெருகிப் பரவியதை ஆராய்ச்சியாளர் கண்டனர். பின்னர் அக்கப்பற் சிதைவை அகற்ற நேர்ந்தது. உயிருள்ள பாரின்மேல் விழும் கப்பல் பகையாகும். வெறும் மணலில் விழும் கப்பல் நட்பாகலாம். மேலும், செயற்கைப் பார்கள் புதிதாக மீனை விளைவிக்கின்றனவா, அன்றி அயலிலுள்ள மீனை ஓரிடத்திற் கூட்டி வலைக்கு எளிதாக்குகின்றனவா என்னும் வினா அறிஞரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்படுகின்றது. ஆதலின், பாரை ஆக்குவதினும் அதனைக் காப்பதே பெரிதென்பது தெளிவு.

பிற நாடுகள் சில பழைய போர்க்கப்பல்களைத் திட்டமிட்டே மூழ்கடித்துப் பாராக்கியுள்ளன. இவற்றுட் பெயர் பெற்றது அமெரிக்காவின் 'ஒறிஸ்கனி' என்னும் விமானந்தாங்கிக் கப்பலாகும். கொரிய, வியற்நாம் போர்களிற் பங்குகொண்டு 1976ஆம் ஆண்டு ஓய்வு பெற்ற அக்கப்பல், 2006ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் தேதி, புளோரிடாவின் பென்சகோலா நகருக்கு அப்பால், ஏறக்குறைய 212 அடி ஆழத்தில் மூழ்கடிக்கப்பட்டது. வெடிகள் வெடித்து 37 நிமிடங்களில் அது நிமிர்ந்த நிலையிலேயே அடியிற் சென்று அமர்ந்தது. அந்த 37 நிமிடங்களுக்கு முன் நடந்த வேலையோ மிகப் பெரிது. எண்ணெயும் கல்நாரும் பிற நச்சுப் பொருள்களும் நீக்கப்பட்டன. மின்கம்பி உறைகளில் எஞ்சிய நச்சுப் பொருளின் அளவும் ஆராயப்பட்டு, அதன்பின்னரே அனுமதி வழங்கப்பட்டது. பின்னாளில் அங்கு பிடிபட்ட மீன்களும் சோதிக்கப்பட்டு வந்தன. நம் ஹேர்மிஸ் அத்தகையதன்று. அதனை எவரும் கழுவவில்லை. ஆபத்தான அறைகளை எவரும் அடைக்கவில்லை. எரிநெய்யோடும் வெடிபொருளோடும் மாண்ட மனிதரோடும் அது மூழ்கியது. ஒறிஸ்கனி மனிதன் சமைத்த பார். ஹேர்மிஸ் பாராகிய கல்லறை. இவ்வேறுபாட்டை உணராது அங்கு செல்வோன் இரு வகையில் தவறுவான்: தன் உயிருக்கும் தவறிழைப்பான், மாண்டோர்க்கும் தவறிழைப்பான்.

கடலடிக்குச் செல்லுதல் நம்மவர்க்குப் புதிதன்று. முத்துக்குளித்தோர் காலிற் கல்லைக் கட்டி இறங்கி, ஒரு மூச்சுக்குள் சிப்பி பொறுக்கி மீண்டனர். 1943ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தவராகிய கூஸ்தோவும் கஞ்ஞானும் ஆக்கிய கருவியே இந்த ஒரு மூச்சின் எல்லையை உடைத்தது. முதுகிலுள்ள உருளையில் அமுக்கி அடைத்த வளியை, சுழியோடி இழுக்கும்போது மாத்திரம், சூழ்ந்துள்ள நீரின் அமுக்கத்துக்குச் சமமான அமுக்கத்தில் வாய்க்கு வழங்கும் அடைப்பிதழே அதன் உயிர்நிலை. இதுவே 'ஸ்கூபா'ச் சுழியோடல் எனப்படுவது. 1956ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் இக்கருவியுடன் நம் கடல்களில் இறங்கினர். போர்த்துக்கேயர் இடித்த திருக்கோணேச்சரத்தின் கற்றூண்களையும் சிதைவுகளையும் சுவாமி மலையடிக் கடலில் அவர்கள் கண்ட செய்தியை நம்மவர் நன்கறிவர்.

பௌதிக வகுப்பிற் கற்கும் போயிலின் விதி, கடலடியில் உயிர் காக்கும் விதியாகின்றது. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் அமுக்கம் ஒரு வளிமண்டலமளவு கூடும். மேலே 6 இலீற்றர் கனவளவுள்ள பலூன் 10 மீற்றரில் 3 இலீற்றராகவும், 50 மீற்றரில் 1 இலீற்றராகவும் சுருங்கும். இதனால் இரு முடிபுகள் பெறப்படும். முதலாவது, ஆழத்தில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழுபவனின் சுவாசப்பை, உள்ளிருக்கும் வளி விரிதலாற் கிழிந்துவிடும். முத்துக்குளிப்போனுக்கு மூச்சடக்கல் கலை. ஸ்கூபாச் சுழியோடிக்கு அதுவே நமன். இரண்டாவது, ஆழஞ் செல்லச் செல்ல வளி விரைந்து செலவாகும். ஹேர்மிஸ் கிடக்கும் 53 மீற்றரில் அமுக்கம் 6.3 வளிமண்டலம். மேலே நிமிடத்துக்கு 20 இலீற்றர் வளி உட்கொள்வோன் அங்கு 126 இலீற்றருக்குச் சமமான வளியைச் செலவிடுவான். 12 இலீற்றர் உருளையில் 200 மடங்கு அமுக்கத்தில் அடைத்த 2400 இலீற்றர் வளி அங்கு 19 நிமிடத்துக்கே போதும். மேலெழுவதற்கு யாதும் எஞ்சாது. ஆதலின் ஒற்றை உருளையோடு அங்கு செல்லுதல் அறிவுடைமையாகாது.

வளியிற் பெரும்பகுதியாகிய நைதரசனால் மேலும் இரு இடர்கள் உள. ஏறக்குறைய 30 மீற்றருக்குக் கீழ் அது மதுவைப் போல் மதியை மயக்கும். மயங்கியவன் தான் மயங்கியதை அறியான். அளவுமானியைப் பார்த்தும் பொருள் விளங்கான். மற்றையது, உயரமுக்கத்தில் நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் மிகுதியாகக் கரைதலாகும். சோடாப் போத்தலை மெல்லத் திறந்தால் வாயு அமைதியாக வெளியேறும். சடுதியாகத் திறந்தால் நுரைத்துப் பொங்கும். அவ்வாறே சுழியோடி விரைந்து மேலெழுவானாயின் குருதியிற் குமிழிகள் தோன்றி, மூட்டுவலி முதல் முடக்குவாதமும் மரணமும் வரை விளைக்கும். ஆதலின் பல படிகளிற் குறித்த நேரம் தரித்துத் தரித்தே மேலெழல் வேண்டும். பொழுதுபோக்காகச் சுழியோடுவோர்க்கு விதிக்கப்பட்ட எல்லை 40 மீற்றர். ஹேர்மிஸ் அவ்வெல்லைக்கு அப்பாற் கிடத்தலின், அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்றோரே செல்லுதற்குரியர். நைதரசனில் ஒரு பகுதிக்கு மாற்றாக ஈலியம் கலந்த வாயுவை அவர்களுட் பலர் கொண்டு செல்வர். மாரிகாலத்து வாடை ஓய்ந்து கடல் தணிந்த மாதங்களே இதற்கு ஏற்ற காலம்.

இத்தனை இடர்களையும் கடந்து அங்கு சேர்ந்தவன் செய்யத்தக்கது யாது? காண்டலும் படம் பிடித்தலும் மாத்திரமே. கப்பலின் உள்ளே நுழைதல், துருப்பிடித்த தகடு சரியவும் படிந்த சேறு கலங்கி வழி மறையவும் இடமாகும். நினைவுப் பொருளென ஒரு சிறு பித்தளைத் துண்டை எடுத்தலும் கல்லறையில் திருடுதலேயாம்.

இது மிகைப்படுத்திக் கூறும் அச்சமன்று. 1942ஆம் ஆண்டு பெப்ரவரியில் யாவாக் கடற்போரில் மூழ்கிய 'டி றைற்றர்', 'யாவா' என்னும் ஒல்லாந்தப் போர்க்கப்பல்களைக் காணச் சென்ற சுழியோடிகள், 2016ஆம் ஆண்டில் அவை கிடந்த இடத்திற் கடலடித் தடங்களையே கண்டனர். பெருங்கப்பல்கள் முழுதாகவே களவு போயிருந்தன. 1941ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10ஆந் தேதி மலாயாக் கரைக்கப்பால் மூழ்கிய 'பிறின்ஸ் ஒவ் வேல்ஸ்', 'றிப்பல்ஸ்' ஆகிய கப்பல்களின் இரும்பும் களவாகப் பெயர்த்தெடுக்கப்பட்டமை 2023ஆம் ஆண்டிற் பெருஞ் செய்தியாயிற்று. இரும்பு போயின் மாண்டோர் துயிலும் இடமும் போம். அதனைப் பற்றி வளர்ந்த பாரும் போம். அப்பாரை நம்பிய மீனும், அம்மீனை நம்பிய மீனவன் வாழ்வும் குன்றும்.

களவு நேராவிடினும் காலம் தன் வேலையைச் செய்தே தீரும். கடல்நீர் இரும்பை ஆண்டுதோறும் அரிக்கின்றது. மெல்லிய தகடுகள் முதலில் உதிர, தடித்த உடலும் ஒருநாள் தளர்ந்து சரியும். ஆகவே, இன்று ஹேர்மிஸ் இருக்கும் நிலையை அளந்தும் படம் பிடித்தும், அதில் வாழும் உயிர்களை வகைப்படுத்தியும் பதிந்து வைத்தல் வேண்டும். இது பிறநாட்டார் வந்து செய்துவிட்டுப் போகும் வேலையாக மட்டும் இருத்தல் தகாது. பௌதிகமும் உயிரியலும் வரலாறும் கற்கும் நம் மாணவர்க்கு, அம்மூன்றும் ஒருங்கே கிடைக்கும் ஆய்வுகூடம் நம் கரையிலிருந்து சில மைல் தூரத்திலேயே உள்ளது. அவருட் சிலரேனும் தக்க ஆசிரியரிடம் முறையாகப் பயின்று, கடல்நூல் வல்லவராய் அங்கு இறங்குவராக. சென்றவர் அறிவை மாத்திரம் கொண்டு மீள்க. ஏனையவற்றை அங்கு துயில்வோர்க்கும் அங்கு வாழும் மீன்களுக்கும் விட்டு வருக.