வழுக்கும் துணியும் வீட்டுத் தையலும்

யந்திர மோகத்தைக் கண்டித்த மகாத்மா காந்தி, 1924-இல் தையல் யந்திரத்துக்கு விலக்களித்தார். அத்தகைய சாதனம் நம் இல்லங்கள் பலவற்றில் மூடிக் கிடப்பதேன்? பனியன் துணியில் தையல் விட்டுவிட்டு விழுகிறது, சாட்டின் வழுக்குகிறது என்று சகோதரிகள் சலித்துக்கொள்கிறார்கள். குற்றம் யந்திரத்தினுடையதன்று, பெரும்பாலும் ஊசியினுடையதே என்போம்.

கூர் ஊசி பின்னல் துணியின் இழையை அறுக்கும். முனை உருண்ட ஊசி இழைகளை விலக்கிச் செல்லும். நேர்த்தையல் மட்டுமே உள்ள யந்திரமாயின், துணியை முன்னும் பின்னும் இலேசாக இழுத்துப் பிடித்துத் தைக்க, தையலும் உடன் நீளும். பாலியெஸ்டர் நூல் எளிதில் அறாது. சாட்டினுக்கோ மெல்லிய புது ஊசி வேண்டும். அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்தால் வழுக்காது, பின்னர் அதைக் கிழித்துவிடலாம்.

ஓர் ஊசியை மாற்றினால் தையற்கூலி மிஞ்சும். குழந்தையின் சட்டை வீட்டிலேயே உருவாகும். சுயசார்பு இங்கேயும் தொடங்கட்டும்!